ஓடுதளம் தேய்ந்துபோச்சு: மேலே பூசுவதா, பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

பொது விளையாட்டு மைதானத்தின் சிந்தடிக் டிராக் தேய்ந்ததும் முதல் பேச்சு நிறத்தைப் பற்றித்தான் வரும். சிவப்பா, நீலமா என்று. அடுத்து, "ஒலிம்பிக்கில் போட்டிருந்தார்களே, அதையே போடலாமே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். முதலில் பேச வேண்டியது ரப்பருக்குக் கீழே கிடக்கும் தார் தளத்தைப் பற்றி.

முதல் லேனில் குனிந்து பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். சிவப்புத் துகள் உதிர்ந்து அடியிலுள்ள கறுப்பு ரப்பர் எட்டிப் பார்க்கிறது. ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் இன்னும் நெகிழ்கிறது, ஓரத்தைப் பிடித்து இழுத்தாலும் பிய்ந்து வரவில்லை. இது மேற்பரப்புத் தேய்மானம் மட்டும். அங்கங்கே கொப்புளம் போல் உப்பி, மிதித்தால் பொதபொதவென்று இருந்தால் ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். விரிசல் நீளமாக ஓடி, வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் தார் தளத்தில்தான். நாலைந்து இடங்களில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டால் ஊகத்துக்கே வேலையில்லை.

மேற்பரப்பு மட்டும்தான் போயிருக்கிறதென்றால் ரீடாப்பிங் போதும். பழையதைக் கழுவி, ஒட்டு விட்ட இடங்களை வெட்டி நிரப்பி, மேலே சில மில்லிமீட்டர் புது அடுக்கு. செலவு வெகுவாகக் குறையும், பெயர்த்த ரப்பரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற தலைவலியும் இல்லை. ஆனால் இதற்கு நேரம் உண்டு. கறுப்பு தெரிய ஆரம்பித்தவுடன் செய்தால்தான் பலன். பொது மைதானங்களில் கோப்பு நகர்ந்து அனுமதி வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுவதுதான் வழக்கம். வெடித்த தார் தளத்தின் மேல் பூசினால் அதே விரிசல் அதே இடத்தில் மேலே வந்து நிற்கும். ஒவ்வொரு பூச்சும் தளத்தின் உயரத்தைக் கூட்டும் என்பதால் உள்விளிம்புக் கட்டை, வடிகால் எல்லாம் தாழ்ந்து போகும். இதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க முடியாது.

சரி, பெயர்த்தே ஆக வேண்டும் என்றால்? விலை குறைந்தது ஸ்ப்ரே கோட். கறுப்பு ரப்பர் துகளைப் பசையோடு கலந்து பாய் போல விரித்து, மேலே 2, 3 மி.மீ. தடிமனுக்கு நிறத் துகள் கலந்த பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பிசினைத் தெளிப்பார்கள். துளைகள் உள்ள தளம் என்பதால் மழை நீர் உள்ளே இறங்கிவிடும், தேங்காது. அந்தத் துளைகளில் தூசி அடைத்துக்கொண்டால் அந்த நன்மையும் போச்சு. போட்டி விதிகள் செயற்கைத் தளத்தில் ஓட்டக் காலணியின் அடியிலுள்ள ஸ்பைக்ஸ் ஆணியை 9 மி.மீ. வரை அனுமதிக்கின்றன. 3 மி.மீ. மேல் அடுக்கு அதற்கு எத்தனை நாள் தாங்கும்? நடைப்பயிற்சியும் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டமும்தான் என்றால் தாராளமாகப் போடலாம். தினமும் ஸ்பிரிண்ட் பயிற்சி நடக்கும் இடத்துக்கு வேண்டாம்.

சாண்ட்விச் முறையிலும் அடியில் அதே கறுப்புப் பாய்தான். ஆனால் துளைகளை அடைத்து, மேலே பாலியூரித்தேனை ஊற்றிப் பரப்பி, அது இறுகுமுன் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் துகளைத் தூவுவார்கள். ஸ்பைக்ஸ் தாங்கும், அடியில் தண்ணீர் இறங்காது. பெரும்பாலான பொது மைதானங்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஏமாற்று வேலைக்கு இடமுள்ளதும் இதில்தான். தூவ வந்திருக்கும் துகளில் ஒன்றை எடுத்து பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். இபிடிஎம் என்றால் உள்ளேயும் அதே சிவப்பு இருக்கும். உள்ளே கறுப்பாக இருந்தால் அது சாயம் பூசிய சாதா ரப்பர், வெயிலில் வெளுத்துவிடும்.

முழுக்கப் பாலியூரித்தேனையே அடுக்கடுக்காக ஊற்றும் முறை இதைவிட உறுதியானது, விலையும் அதற்கேற்ப. பெரிய போட்டிகள் தொடர்ந்து நடக்கிற இடம் என்றால் யோசிக்கலாம்.

அப்புறம் அந்த ஒலிம்பிக் சமாச்சாரம். 2024 பாரீஸில் எல்லோரும் பார்த்த ஊதா ஓடுதளம் இத்தாலியின் மோண்டோ நிறுவனத்துடையது. தொழிற்சாலையிலேயே தயாரித்து, சுருளாகக் கொண்டுவந்து விரித்து ஒட்டும் ரகம். தடிமன் எங்கும் ஒரே சீராக இருக்கும், மைதானத்தில் நின்று கலப்படம் செய்ய வழியே இல்லை. அந்தச் சீர்தான் சிக்கலும். ஊற்றும் முறையில் தார் தளத்தின் சின்னப் பள்ளங்களை ஓரளவு நிரப்பிக்கொள்ளலாம். சுருள் அந்தப் பள்ளத்தை அப்படியே மேலே காட்டும். ஒட்டத் தெரிந்த கைகளும் வேண்டும், இல்லாவிட்டால் இணைப்புகள் கிளம்பிவிடும். விலையோ எல்லாவற்றையும்விட அதிகம். பராமரிக்க ஆளில்லாத மைதானத்தில் இதைப் போடுவது வீண் பெருமை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாதம் தரையில் மோதும் விசையைத் தளம் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். உலகத் தடகள அமைப்பு கேட்பது 35 முதல் 50 சதவீதம். வெயிலில் இறுகிப்போன பழைய டிராக்கில் ஓடி முழங்கால் வலிக்கிறது என்று சொல்பவர்களை இனியாவது நம்பலாம். மிகப் பழைய தளம் என்றால் பெயர்ப்பதற்கு முன் பாதரசச் சோதனையும் தேவை. 1960களிலிருந்து போட்ட சில பாலியூரித்தேன் தளங்களில் பாதரசச் சேர்மம் கலந்திருந்தது.

எட்டு லேன், லேனுக்கு 1.22 மீட்டர் என்றால் நீள்வட்டம் மட்டுமே 4,000 சதுர மீட்டருக்கு மேல் வரும். அதில் ஒரு மில்லிமீட்டரைக் குறைத்துப் போட்டாலும் நாலு கன மீட்டருக்கு மேல் பொருள் மிச்சம், கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. தார் தளம் புதிது என்றால் அது ஆற ஏறக்குறைய நாலு வாரம் விட வேண்டும் என்பதையும், முடிந்தபின் எத்தனை இடத்தில் தடிமன் அளக்கப்படும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அளக்கும் இடங்களை ஒப்பந்ததாரர் காட்டக் கூடாது, நீங்கள் காட்டுங்கள். கடைசித் தவணைப் பணம் அதற்கப்புறம்.