யெர்ரிகன்னுவா, பென்சகனிஸ்தெரியா?

எரிபொருள் கேனுக்குப் பின்னிஷ் மொழியில் வழங்கும் இரண்டு கூட்டுச்சொற்கள் இவை.

யெர்ரிகன்னுவின் முன்பாதி ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஜெர்மானியரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் 'ஜெர்ரி' என்பார்கள். 1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான 20 லிட்டர் எஃகுக் கேனுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பின்பாதி 'கன்னு' சுவீடிஷ் 'கன்னா'விலிருந்து வந்தது; முன்பு சுமார் 2.6 லிட்டர் கொண்ட அளவையும் அதுதான். நம் 'தண்ணீர் கேன்' என்பதில் உள்ள 'கேன்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவு!

பென்சகனிஸ்தெரியில் 'பென்ச' என்பது 'பென்சீனி' (பெட்ரோல்) என்பதன் பேச்சுச் சுருக்கம். 'கனிஸ்தெரி'யின் வேர் லத்தீன் வழியே கிரேக்கத்தின் நாணல் கூடைக்குப் போகிறது. கூடையில் பெட்ரோல் நிற்காது என்பது வேறு விஷயம்.

மூன்று கைப்பிடி, தட்டைப் பக்கங்கள் கொண்ட எஃகுக் கேன் என்றால் யெர்ரிகன்னு. 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனுக்குக் கனிஸ்தெரிதான் பொருத்தம்.

வேற்றுமை உருபில் பலர் சறுக்குவார்கள். பின்னிஷில் உருபின் உயிரொலி சொல்லின் உயிரொலிகளோடு ஒத்துப்போக வேண்டும்; கூட்டுச்சொல்லில் இந்த உயிரிசைவைத் தீர்மானிப்பது கடைசிப் பாதி. 'யெர்ரி'யின் ஈற்றில் முன்னுயிர் (நாக்கின் முன்பகுதியில் பிறக்கும் உயிர்) இருந்தாலும், 'கன்னு'வில் இருப்பவை பின்னுயிர்கள் (நாக்கின் பின்பகுதியில் பிறப்பவை); ஆகவே 'கேனுக்குள்' என்பதற்கு 'யெர்ரிகன்னுஸ்ஸ' என்றே வரும், 'ஸ்ஸ' உருபின் முன்னுயிர் வடிவம் வராது.