தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட்: ஸ்பின்னரா, ஃப்ளையா?

ட்ரவுட் மீன் பிடிக்க, முதல் இரண்டு முறையும் ஸ்பின்னர் (நீரில் சுழலும் உலோகத் தகடு), ஃப்ளை (முள்ளில் இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சி) என்ற இரண்டு வகைத் தூண்டில்களையும் சுமந்துகொண்டுதான் தீர்த்தனுக்குப் போனேன். மூன்றாவது முறை ஸ்பின்னிங் கம்பு வீட்டிலேயே இருந்துவிட்டது.

இமாச்சலின் குல்லு மாவட்டத்து ஆறு இது. கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவின் மலைகளில் பிறந்து, குஷைனி, பஞ்சார் வழியாக இறங்கி, லார்ஜி அருகே பியாஸ் ஆற்றில் கலக்கிறது. பச்சைக் கண்ணாடி போன்ற தண்ணீர், நடுநடுவே யானை யானையாகப் பாறைகள். குல்லுப் பகுதிக்கு 1909-ல் கொண்டுவரப்பட்ட பிரவுன் ட்ரவுட் அந்தப் பாறைகளின் மறைவில்தான் நிற்கும்.

விலை குறைவு, பழகச் சுலபம் என்று பார்த்தால் ஸ்பின்னர்தான். தகடு கனமாக இருப்பதால் தூண்டில் நரம்பை அதுவே இழுத்துக்கொண்டு போகும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். ஃப்ளைக்கு எடையே கிடையாது. தடித்த நரம்பின் கனத்தை வைத்துத்தான் வீச வேண்டும். பின்னால் மரம் இருந்தால் கிளையில் மாட்டும். எனக்கு நான்கு நாள் பிடித்தது.

ஆனாலும் நான் ஃப்ளை பக்கம் வந்ததற்குக் காரணம் தூண்டில் முள். கடையில் வாங்கும் ஸ்பின்னர்களில் பெரும்பாலும் மும்முனை முள்தான் இருக்கும். ஒரு முனை தாடையில் ஏறினால், இன்னொன்று செவுளிலோ கண்ணிலோ குத்தும். ஓர் அக்டோபர் காலையில் நான் பிடித்த மீனுக்குக் கண்ணில் ஏறியிருந்தது. கழற்றி முடிப்பதற்குள் அது வெகுநேரம் தண்ணீருக்கு வெளியே கிடந்துவிட்டது. விட்டேன், வயிறு மேலே தெரிய, நீரோட்டத்தோடு உருண்டு போனது. குளிர்ந்த ஓடையில் ட்ரவுட் மெதுவாகத்தான் வளரும். ஒரு முழ மீன் என்றால் அதற்குப் பின்னால் சில வருடங்கள் இருக்கின்றன.

ஃப்ளையில் இருப்பது ஒற்றை முள். மீன் நழுவாமல் பிடிக்க அதன் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியைக் குறடால் அழுத்திவிட்டால், கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே மீனைத் தாங்கி, சில நொடிகளில் கழற்றிவிடலாம். கை உலர்ந்திருந்தால் மீனின் வழவழப்பு உரிந்து நோய் தொற்றலாம். மீன் ஒரு துள்ளில் பாறைக்கடியில் மறைவதைப் பார்ப்பதற்காகவே எத்தனை மணி நேரமும் நிற்பேன்.

நான் போனதெல்லாம் ஏப்ரலிலும் அக்டோபரிலும். ஆகவே இதைத் தெளிந்த தண்ணீருக்கான தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக் கலங்கலில் தகட்டின் மினுமினுப்பும் அதிர்வும் மீனுக்கு எளிதில் தெரியும், அங்கே ஸ்பின்னர் முந்தலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, முட்டையிடும் பருவம் என்பதால், பிடிக்கவே கூடாது. மற்ற மாதங்களிலும் மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

ஸ்பின்னர்தான் என்று முடிவெடுத்தாலும் பரவாயில்லை. ஸ்பின்னரின் வளையத்திலிருந்து மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போங்கள்.