ஆறு ஆண்டுகளாக ஆக்வாகிராப்: கணக்கு சரி, கோத்த இடத்தில்தான் தகராறு

2019-இல் உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்து மக்காச்சோளத்துக்குச் சொட்டுநீர் போட்ட கையோடு, எப்போது எவ்வளவு விடுவது என்று பார்க்க ஆக்வாகிராப்பை இறக்கினேன். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் இலவச மென்பொருள். இலை நிலத்தை எவ்வளவு மூடியிருக்கிறது, வேர் ஓடும் ஆழத்தில் எத்தனை மி.மீ. ஈரம் குறைந்தது என்று நாள்தோறும் வரவு செலவு பார்க்கும். முதலில் ஒவ்வொரு கோப்பாகக் கையால் ஏற்றினேன். இப்போது பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய அதன் வடிவம் காலையில் தானாக ஓடுகிறது.

மென்பொருளைக் குறை சொல்ல அதிகமில்லை. அதனுடன் வரும் மக்காச்சோள அளவுகள் கலிபோர்னியாவின் டேவிஸில் எடுத்தவை. பூக்கும் நாளையும் முதிரும் நாளையும் நம் ரகத்துக்கு மாற்றியதும் ஒழுங்காக நடந்துகொண்டது. உயிரை வாங்கியது வானிலைத் தரவை அதோடு கோக்கிற வேலை.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். நாசா இலவசமாகத் தரும் ‘பவர்’ என்ற வானிலைத் தரவில் ஒரு கட்டம் அரைப் பாகை, ஏறக்குறைய 55 கி.மீ.; கட்டம் முழுதுக்கும் ஒரே மழை அளவுதான். அந்தத் தூரத்துக்குள் எங்கள் பக்கம் வால்பாறையின் அடைமழையும் உடுமலையின் மழைமறைவும் அடங்கிவிடும். ஜூலையில் தோட்டத்தில் புழுதி பறக்கும், திரையில் மண் நனைந்திருக்கும். 0.05 பாகைக் கட்டமுள்ள சிர்ப்ஸ் என்ற செயற்கைக்கோள் மழைத் தரவு எவ்வளவோ தேவலை. அதுவும் போதாமல் களத்தில் ஒரு மழைமானி வைத்தேன். வந்தது புதுச் சிக்கல். நம் வழக்கப்படி மழையைக் காலை 8.30-க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுகிறோம். பத்தாம் தேதி இரவு பெய்தது பதினொன்றாம் தேதிக் கணக்கு. செயற்கைக்கோள் தரவோ பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைப் பின்பற்றுவதால் அதே மழையைப் பத்திலேயே போட்டுவிடும். மானி பார்க்காத நாள்களை அதை வைத்து நிரப்பினேன். ஒரே மழை இரண்டு முறை வரவானது. கண்டுபிடிக்க ஒரு ஐப்பசி முழுதும் ஆனது.

காற்றிலும் ஏமாந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றில் பயிர் நிறைய நீர் இழக்கும். அந்த இழப்பைக் கணக்கிடும் பென்மன்-மான்டித் சமன்பாடு கேட்பது 2 மீட்டர் உயரக் காற்று. நான் கொடுத்தது 10 மீட்டர். 0.748-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். ஒரு பருவம் முழுக்கக் கூடுதலாக நீர் விட்டோம்.

2021 மார்ச்சில் நடந்தது இதைவிட மோசம். காலை பத்து மணிக்கு அப்பா தோட்டத்திலிருந்து அழைத்தார். “இலையெல்லாம் சுருண்டு நிற்கிறது. உன் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது?” நான்கு நாளாகத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நாசா தரவில் சூரியக் கதிர்வீச்சு விவரம் சில நாள் தாமதமாக வரும். அதுவரை அந்த இடத்தில் -999 என்று நிற்கும். விளக்கக் குறிப்பில் தெளிவாக இருக்கிறது, நான் படிக்கவில்லை. என் நிரல் அதை எண்ணாகவே எடுத்துக்கொண்டதில், ஆவியாகும் நீர் எதிர்மறையாகி, கொளுத்தும் வெயிலில் மண் தானாக நனைந்துகொண்டிருந்தது. இப்போது -999-ஐக் கண்டால் நிரல் நின்றுவிடும். முந்தைய வாரச் சராசரியை வைக்கலாமா என்று என்னைக் கேட்கும்.

உருப்படியாகச் செய்த ஒரு காரியம், மில்லிமீட்டரை ஒழித்தது. எங்கள் டிரிப்பர் மணிக்கு 4 லிட்டர்; குழாய்க்குக் குழாய் 1.2 மீட்டர், டிரிப்பருக்கு டிரிப்பர் 60 செ.மீ. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 5.6 மி.மீ. ஆகவே அப்பாவுக்குப் போகும் குறுஞ்செய்தியில் “மோட்டார் 55 நிமிடம்” என்று மட்டும் இருக்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் போட்டுவிடுவார்.

கிணறும் சொட்டுநீரும் உள்ளவர்கள் தயங்காமல் முயலலாம். முதல் பருவம் பார்த்துக்கொண்டிருங்கள், அதன் சொல்படி நீர் விடாதீர்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். நான்கு மண்டலமாகப் பிரித்துச் சுற்று வைத்து வரும் நீர் அது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தனக்கும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். இன்று விடு என்று அது சொல்லும் நாளில் அவர் மடையில் தண்ணீர் இருக்காது. மழைமானி மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.