கண் கட்டிகளுக்குக் கோடு தேட என்சிஎச்எஸ் பிரௌசர்: இலவசம்தான், ஆனால் இன்டெக்ஸ் வழியாகப் போங்கள்

அமெரிக்க இன்சூரன்ஸ் கிளெய்ம்களுக்கு டயக்னோசிஸ் கோடு (நோயைக் குறிக்கும் குறியீடு) போடுகிறவர்களுக்கு அந்நாட்டின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் (என்சிஎச்எஸ்) தரும் ஐசிடி-10-சிஎம் (நோய்க் கோடுகளின் பட்டியல்) பிரௌசர் காசில்லாமல் கிடைக்கிற நல்ல கருவி. நிதியாண்டைத் தேர்ந்தெடுக்க முடிவது இதன் பெரிய வசதி. கோடுகள் முக்கியமாக அக்டோபர் 1-ல் மாறும். நோயாளியைப் பார்த்த தேதி எந்த ஆண்டில் விழுகிறதோ அந்த ஆண்டின் பட்டியல்தான் செல்லும்.

புற்று அல்லாத கண் கட்டி என்றதும் பலர் நேரே டி31 என்ற கண் கட்டிப் பிரிவுக்குப் போய்விடுகிறார்கள். தப்பு நடப்பது அங்கேதான். கட்டியின் வகை சார்ட்டில் (நோயாளியின் பதிவில்) இருந்தால் நியோபிளாசம் டேபிளை (உறுப்பு வாரியான கட்டி அட்டவணை) தொடாமல் இன்டெக்ஸில் (அகரவரிசைப் பெயர்ப் பட்டியல்) அந்தப் பெயரை முதலில் பாருங்கள். கைட்லைனும் அதைத்தான் சொல்கிறது.

சார்ட்டில் 'கோராய்டல் நீவஸ், ஓடி' என்று இருக்கிறது, அதாவது வலது கண்ணில் விழித்திரைக்குப் பின்னுள்ள படலத்தில் மச்சம். இன்டெக்ஸில் நீவஸ், அதன்கீழ் கோராய்டு: டி31.3, பின்னால் ஒரு ஹைஃபன் (-). அந்த ஹைஃபனுக்கு 'இன்னும் எழுத்து பாக்கி' என்று அர்த்தம். டி31.3 என்று அப்படியே அனுப்பினால் கிளெய்ம் திரும்பி வரும். டேபுலரை (கோடு வரிசையில் உள்ள பட்டியல்) திறந்தால் வலது டி31.31, இடது டி31.32. இரு கண்ணுக்கும் சேர்த்து ஒரே கோடு கிடையாது, ஓயு (இரு கண்ணும்) என்றால் இரண்டையும் போட வேண்டும். வெளிநோயாளி சார்ட்டில் 'மெலனோமாவா என்று பார்க்க வேண்டும்' என்று டாக்டர் எழுதியிருந்தாலும் சி69 (கண் புற்றுநோய்) பக்கம் போகக் கூடாது. சந்தேகத்துக்குக் கோடு இல்லை.

இமை மச்சம் டி31-ல் வராது, டி22.1-க்குப் போகும். 2018 அக்டோபரிலிருந்து மேல் இமை, கீழ் இமை என்றும் பிரித்துவிட்டார்கள்: வலது மேல் டி22.111, வலது கீழ் டி22.112. பழைய குறிப்புத் தாளில் டி22.11 என்று இருந்தால் கிழித்துப் போடுங்கள். பார்வை நரம்பின் கட்டிக்கு டி33.3. ஆர்பிட்டில் (கண்குழியில்) கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா (ரத்தக்குழாய்க் கட்டி) என்றால் டி18.09, டி31.6 இல்லை.

ஆனால் விழித்திரை ஹீமாஞ்சியோமா வந்தால் விழித்திரைக்கான டி31.2-ன் எக்ஸ்க்ளூட்ஸ்1 ('இங்கே சேராதவை') குறிப்பைப் படிக்காமல் நகராதீர்கள். அது டி49.81-ஐக் காட்டுகிறது. விழித்திரையில் 'கருநிறப் பகுதி' என்று மட்டும் எழுதியிருந்தாலும் அதே கோடுதான். டேபுலரைத் திறக்காதவர்கள் வழுக்கும் இடம் இது.

டி48-ஐயும் டி49-ஐயும் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கமான பிழை. பயாப்ஸி செய்தும் கட்டியின் போக்கை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று பேத்தாலஜி ரிப்போர்ட் சொன்னால்தான் டி48. டாக்டர் வகையே குறிப்பிடவில்லை என்றால் டி49. ரிப்போர்ட் வரும் முன்பே டி48 போடுவது ஆடிட்டில் நிற்காது.

தனி ஆளுக்கும் படிக்கிறவர்களுக்கும் இந்த பிரௌசர் தாராளமாகப் போதும். கிளெய்மை அனுப்பும் முன் பிழை பிடித்துத் தரும் வேலையை இது செய்யாது. அதற்குக் காசு கொடுத்து என்கோடர் என்ற கோடிங் மென்பொருள்தான் வாங்க வேண்டும்.