பதினான்கு பக்க விதிகளும் மூன்று வாக்கியங்களும்

மகளைத் தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தது 2018 ஜூனில். அன்றைக்கே கையில் ஒரு டைரியைக் கொடுத்தார்கள். பிரார்த்தனைப் பாடல், முதல்வரின் வாழ்த்து, விடுமுறைப் பட்டியல் எல்லாவற்றையும் தாண்டினால் பதினான்கு பக்கத்துக்கு விதிகள். ரிப்பன் என்ன நிறம், காலுறை எவ்வளவு உயரம், பிறந்தநாளுக்கு எந்த மிட்டாய் கொண்டுவரலாம் என்பது வரை இருந்தது. கடைசியில் 'மேற்கண்டவற்றைப் படித்து ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து வருடம் கழித்து, மகனை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தேன். தலைமையாசிரியை சொன்னது மூன்று வாக்கியம்: "தினமும் அனுப்பிவிடுங்கள். நகம் வெட்டி அனுப்புங்கள். போன் எண்ணை மாற்றினால் மறக்காமல் சொல்லுங்கள்." நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஏன் மாற்றினாய் என்று இன்றும் உறவினர்கள் கேட்கிறார்கள். பணம் ஒரு காரணம், காலை ஏழே காலுக்கு வரும் வேன் இன்னொரு காரணம். கொள்கைப் பிடிப்பு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வாசலிலும் நின்று பார்த்ததில் ஒன்று புரிந்தது. பள்ளியை ஒப்பிடுகிறவர்கள் கட்டடத்தையும் ஆங்கிலத்தையும் ஒப்பிடுகிறார்கள். விதிகளை யாரும் ஒப்பிடுவதில்லை. ஒரு விதியை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: அதை மீறினால் அடி யார்மேல் விழுகிறது?

வாசல் கதவிலிருந்தே தொடங்கலாம். தனியார் பள்ளியில் எட்டு நாற்பதுக்குக் கேட்டை மூடுவார்கள். தாமதமாக வரும் குழந்தை முதல் வகுப்பு முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். மூன்றாவது முறை என்றால் பெற்றோர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒழுங்கு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஒருநாள் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள் என்று வேன் தாமதமாகப் போனது. வேன் பள்ளியுடையது, ஓட்டுநர் பள்ளியின் சம்பளம் வாங்குகிறவர், வெயிலில் நின்றது மட்டும் என் மகள். ஆறு வயதுக் குழந்தை தானாக எங்கேயும் தாமதமாக வருவதில்லை, யாரோ தாமதமாகக் கொண்டுவருகிறார்கள் என்று டைரியில் எழுதி அனுப்பினேன். 'பார்த்தேன்' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

ஊர்ப் பள்ளியில் கேட் உண்டு, பூட்டு இல்லை. பத்து மணிக்கு வந்தாலும் "வா, உட்கார்" என்பார்கள். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பி அழைத்துவரச் சொல்வார்கள். தூங்கிக்கொண்டிருந்த பையன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வருவதைப் பார்த்திருக்கிறேன். இந்த இளக்கத்துக்கும் விலை உண்டு. அறுவடையும் கோயில் திருவிழாவும் வந்தால் வகுப்பில் பாதி காலி. மறுவாரம் அதே பாடத்தை மறுபடி நடத்துவார்கள். நாள் தவறாமல் வரும் பிள்ளைக்கு அது வீண் வாரம். அங்கே விதியின் கடுமை குழந்தையை வெயிலில் நிறுத்தியது, இங்கே விதியின் இன்மை ஒழுங்காக வரும் குழந்தையின் நேரத்தைத் தின்கிறது. இந்த ஒன்றில் இரண்டு பள்ளிக்குமே நான் மதிப்பெண் போட மாட்டேன்.

வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன், பெற்றோரின் இரவுகளை எழுதுவது அதுதான். மகள் பள்ளியில் சேர்வதற்குச் சில நாள் முன்பு, 2018 மே 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். குழந்தைகள் பளு தூக்குபவர்கள் அல்ல என்று அந்தத் தீர்ப்பு சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதே வருடம் நவம்பரில் மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தது: ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்குமேல் போகக் கூடாது, வீட்டுப்பாடமும் கிடையாது. எங்கள் பள்ளி சட்டத்தை மதித்தது. வீட்டுப்பாடம் என்ற சொல்லை டைரியிலிருந்து எடுத்துவிட்டு, 'பயிற்சித் தாள்' என்று போட்டது. தினமும் இரண்டு தாள், வெள்ளிக்கிழமை என்றால் நான்கு.

பயிற்சித் தாளையாவது குழந்தை எழுதிவிடும். ப்ராஜெக்ட்தான் வீட்டைப் புரட்டிப் போடும். ஒருமுறை நீர்ச் சுழற்சி மாதிரி செய்துவர வேண்டும் என்று புதன்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது, வியாழன் காலையில் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் தெர்மாகோல் தீர்ந்துவிட்டது, ஏனென்றால் வகுப்பில் இருந்த மற்ற பெற்றோரும் அங்கேதான் நின்றிருந்தோம். மிக்சி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து மலை செய்தேன். பஞ்சில் மேகம், நீலக் கோணிச் சணலில் மழை. அரிசிமாவுப் பசை காயவில்லை என்று கணவர் டேபிள் ஃபேனை மேகத்தின் பக்கம் திருப்பி வைத்தார், மேகம் பறந்து பீரோவுக்கு அடியில் போனது. இரவு பதினொன்றரை. நீர்ச் சுழற்சியைப் படிக்க வேண்டியவள் எட்டரைக்கே தூங்கிவிட்டாள். மறுநாள் எங்கள் மலைக்கு 'நன்று', கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கியதற்கு 'மிக நன்று'. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் வீட்டுப்பாடம் இருக்கலாம் என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை. அந்த ஒரு இரவிலேயே நான் வாரக் கணக்கைத் தாண்டிவிட்டேன், மகள் தொடங்கவே இல்லை.

ஊர்ப் பள்ளியில் இந்தக் கூத்து எதுவும் கிடையாது. 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' முறையில் பாடம் நடக்கிறது. பிள்ளைகளை வயதைப் பார்த்து மட்டும் அல்லாமல் வாசிக்கும், கணக்குப் போடும் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பயிற்சி நூலைப் பெரும்பாலும் வகுப்பிலேயே முடித்துவிடுவதால் வீட்டுக்கு வருவது ஒரு பக்கம், அதுவும் சில நாள்தான். வயல் வேலைக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்பும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும், என் மகனின் வகுப்பில் பாதித் தாய்மார்கள் அப்படித்தான். தெர்மாகோல் வாங்கப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை அங்கே தலைகுனிய வேண்டியதே இல்லை.

ஆனால் அந்த அரும்பு, மொட்டு, மலர் சமாச்சாரத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது, "அம்மா, நான் தமிழில் மலர், கணக்கில் இன்னும் மொட்டுதான்" என்றான். எதையோ பூப்பறித்த கதை என்று நினைத்தேன். கணக்கில் அவன் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான் என்ற முக்கியமான சேதி ஒரு வாய்ச் சோற்றுக்கு நடுவில்தான் எனக்கு வந்து சேர்ந்தது. தனியார் பள்ளி என்னிடம் எல்லாவற்றையும் கேட்டது. அரசுப் பள்ளி என்னிடம் எதையுமே கேட்பதில்லை, அதனால் எதையும் சொல்வதும் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், சாயங்காலம் அரைமணி நேரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று நானாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. மகளின் டைரியில் ஸ்நாக்ஸ் அட்டவணை ஒன்று உண்டு: திங்கள் பழம், செவ்வாய் முளைகட்டிய பயறு, புதன் உலர் பழம் என்று போகும். செவ்வாய்க்கிழமை பயறு முளைக்க ஞாயிறு இரவே ஊறப்போட வேண்டும். மறந்தால், 'உங்கள் அம்மாவுக்குச் சொல்' என்று குழந்தையிடம் வகுப்பில் வைத்துச் சொல்வார்கள். அதைவிட, அசைவம் கூடாது, முட்டையும் கூடாது என்று ஒரு விதி. அதற்குக் காரணம் எழுதப்படவில்லை. அவித்த முட்டையை டப்பாவில் வைத்துவிட்ட ஒரு நாள், அது திறக்கப்படாமலே மதியம் வீட்டுக்கு வந்தது, மகளின் முகம் அதைவிடச் சிறுத்து வந்தது.

மகனின் பள்ளியில் சத்துணவில் முட்டையை அரசே போடுகிறது. அவன் சேர்ந்த இரண்டு மாதத்தில், 2023 ஆகஸ்ட் 25 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி வரும். சாம்பார் சில நாள் தண்ணீராக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தட்டை ஏந்தி உட்கார்ந்து ஒரே பொங்கலைச் சாப்பிடுகிறார்கள். யார் வீட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க அங்கே டப்பாவே இல்லை.

வாட்ஸ்அப் குழு இரண்டு பள்ளியிலும் உண்டு, இரண்டும் வேலைக்காகாது. தனியார் பள்ளிக் குழுவில் பள்ளி மட்டுமே பேசும். இரவு ஒன்பதே காலுக்கு 'நாளை மஞ்சள் உடை' என்று வரும். பெற்றோர்கள் பதில் போட முடியாததால் தங்களுக்குள் இன்னொரு குழு வைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் சட்டைக்காகப் பத்தரை வரை புலம்பிக்கொண்டிருப்போம். ஊர்ப் பள்ளிக் குழுவில் பல எண்கள் அப்பாக்களுடையவை, அப்பாக்கள் திருப்பூரில். மழை விடுமுறை என்று ஆசிரியை போட்ட செய்தி திருப்பூர் பனியன் கம்பெனியில் படிக்கப்பட்டது, பிள்ளை நனைந்துகொண்டே வந்து பூட்டிய வகுப்பறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். போன் எண் பற்றிய தலைமையாசிரியையின் மூன்றாவது வாக்கியத்தின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

தண்டனையில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடைசெய்கிறது. தனியார் பள்ளி முதல் பாதியை மட்டும் படித்திருந்தது. கை ஓங்கியதே இல்லை. ஆனால் வகுப்பில் தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம், யார் பேசினார்கள் என்று பெயர் எழுத ஒரு லீடர். ஏழு வயதில் என் மகள் சக பிள்ளைகளை வேவு பார்க்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஊர்ப் பள்ளியில் நிலைமை தலைகீழ். மனம் நோகப் பேசி நான் கேட்டதில்லை, ஆனால் மேசைமேல் ஸ்கேல் இருக்கும், எப்போதாவது அது உள்ளங்கையில் இறங்கவும் செய்யும். ஆசிரியையைக் கேட்டால், "பெற்றோரே அடிக்கச் சொல்கிறார்களே" என்கிறார். அதுவும் உண்மைதான். 'கண்ணை மட்டும் விட்டுவிட்டு மீதித் தோலை உரித்துவிடுங்கள்' என்று சொல்லிச் சேர்க்கும் தகப்பன்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தில் விலக்குக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்பதை நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஸ்கேல் இப்போது அலமாரிக்குள் போயிருக்கிறது, பள்ளியைவிட்டுப் போகவில்லை.

இத்தனைக்குப் பிறகு எதைச் சொல்வாய் என்றால், எட்டு வயது வரை ஊர்ப் பள்ளி என்றுதான் சொல்வேன். அங்கே விதி மீறப்பட்டால் குழந்தை அவமானப்படுவது குறைவு, தாய் அவமானப்படுவது அறவே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: ஆசிரியர் இருக்க வேண்டும். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது சட்டம். அந்த இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கும் இன்னொருவர் தேர்தல் பணிக்கும் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் கத்திக்கொண்டிருக்கும். சேர்ப்பதற்கு முன் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போய் எட்டிப்பாருங்கள்.

எழுதிவைத்த விதி வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குத் தனியார் பள்ளியிலிருந்து ஒட்டிக்கொண்டது. எழுதிய விதியோடுதான் சண்டை போட முடியும், டைரியில் நான் போட்டதுபோல. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் குழுவிலும் இருக்கிறோம், பெரும்பாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட. போன கூட்டத்துக்கு ஒரே ஒரு தாளில் ஆறு வரி எழுதிக்கொண்டு போனேன்: விடுமுறைச் செய்தியை வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணுக்கும் அனுப்ப வேண்டும், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பெற்றோருக்கு வாயால் சொல்ல வேண்டும், ஸ்கேல் கோடு போட மட்டும், இப்படி.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். சிவப்பு மையில் நான்காவது வரியை அடித்தார். 'பெற்றோர் தினமும் பையைத் திறந்து பார்க்க வேண்டும்' என்பது அது. "பாதிப்பேர் வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்" என்றார். கீழே ஏழாவதாக ஒரு வரி எழுதினார்: 'பிள்ளை வராத நாளில் காரணம் கேட்டு ஆசிரியர் அன்றைக்கே வீட்டுக்குப் பேச வேண்டும்.' பிறகு என்னிடம் பேனாவை நீட்டி, "இப்போது போடுங்கள் கையெழுத்து" என்றார்.