பொறுமையாகக் கேட்கிறார்கள், ஆனால் அது மட்டும் போதுமா? பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆலோசனை மையம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறம், ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இயங்கும் இந்த உளவள ஆலோசனை மையத்தில் தமிழிலேயே மனம்விட்டுப் பேச முடிகிறது. கட்டணம் ஓர் அமர்வுக்கு 150 ரிங்கிட். ஆலோசகர் மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர். அறையில் மேசை கிடையாது. இருவருக்கும் ஒரே உயரமுள்ள நாற்காலிகள், கடிகாரமும் இருவர் கண்ணிலும் படும்படி மாட்டப்பட்டிருக்கிறது.

இங்கே பின்பற்றப்படுவது, அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலிருந்து வளர்த்தெடுத்த நபர்மையச் சிகிச்சை. தன் வாழ்க்கையைப் பற்றி நன்கறிந்தவர் வந்திருப்பவரே என்று நம்பி, ஆலோசகர் புத்திமதி சொல்லாமல், பரிவோடும் நிபந்தனையற்ற மதிப்போடும் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நேர்மையோடும் கேட்பதே இதன் அடிப்படை. அப்பா முதல் அண்டை வீட்டு ஆன்ட்டி வரை எல்லாரும் அறிவுரை வழங்கியே பழகிய நம் சூழலில், ஒரு பெண்ணின் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது பெண்ணியத்துக்கு மிக நெருக்கமான செயல்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. மூன்று மகன்கள் இருந்தும், மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல மருமகளாகிய நானே விடுப்பு எடுக்க வேண்டியிருப்பதைச் சொன்னேன். "உங்களுக்கு மிகவும் பாரமாக இருக்கிறது, இல்லையா?" என்றார் ஆலோசகர். உண்மைதான், ஆனால் அந்தப் பாரம் ஏன் என் தலையில் மட்டும் விழுந்தது என்பதை நோக்கிப் பேச்சு கடைசிவரை நகரவேயில்லை. தனிமனிதச் சிக்கலாகத் தெரிவதற்குள் அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்று 1960களின் இறுதியிலிருந்து பெண்ணியவாதிகள் வலியுறுத்தி வருகிறார்கள். உணர்வை மட்டும் திருப்பிச் சொல்லும் ஆலோசகர், குடும்பத்தின் அநீதியை என் மனநிலையாகச் சுருக்கிவிடுகிறார். இதற்கு ரோஜர்ஸ்மீது பழிபோட முடியாது. அவர் கேட்ட நேர்மைக்குள், "இது நியாயமாகப் படவில்லை" என்று ஆலோசகர் தன் பெயரில் சொல்லவும் இடமுண்டு. வழிநடத்தக்கூடாது என்ற விதியை, வாய்திறக்கவே கூடாது என்று இந்த ஆலோசகர் புரிந்துகொண்டிருக்கிறார்.

துக்கம், தயக்கம், தன்னம்பிக்கைக் குறைவு போன்றவற்றுக்கு இம்மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீட்டில் அடி உதை என்றால், 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தையும், சமூகநல அதிகாரி வழங்கும் 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணையையும் விளக்கத் தெரிந்த பெண்கள் அமைப்பை முதலில் நாடுங்கள். மாலை நேர அமர்வுகள் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் முன்பதிவு அவசியம். கார் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட மோனோரயிலில் வருவது நல்லது.