தோட்டப் பட்டணத்தில் மருந்து எங்கே வாங்குவது?

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பகாவ், சிலியாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மருந்து என்றால் டிரஸ்ஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர்தான். 1965-இல் இவர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. காய்ச்சலோ வெட்டுக்காயமோ, முதலில் அவரிடம்தான் ஓடுவோம். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது வரை அவருக்குத் தெரியும். தோட்டம் கைமாறி, சனங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு (வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு) குடிவந்த பிறகு அப்படி ஓர் ஆள் இல்லை. அதனால் எந்த மருந்தகத்துக்குள் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது, மருந்தாளர் கவுண்டரில் இருக்கிறாரா, நின்று பேசுகிறாரா என்பதைத்தான்.

வாட்சன்ஸ் சங்கிலிக்கடையின் வேர் 1828-இல் சீனாவின் காண்டன் நகரில் திறந்த ஒரு மருந்துக்கடை. மலேசியாவுக்கு 1994-இல் வந்தது. 2005-இல் இங்கிருந்த அபெக்ஸ் மருந்தகக் கடைகளை வாங்கிப் பெருகியது. கார்டியனும் ஹாங்காங் குழுமம் ஒன்றின் கையில்தான் இருக்கிறது. ஷாம்பு, பவுடர், பிள்ளைகளின் பெம்பர்ஸ், உறுப்பினர் அட்டைக்குக் கழிவு என்றால் இரண்டுமே நல்ல கடைகள். ஆனால் எல்லாக் கிளையிலும் மருந்தாளர் இருப்பதில்லை. அவர் இல்லாத நேரத்தில் பிரிட்டோன் (Piriton) போன்ற சாதாரண அரிப்பு மாத்திரையைக்கூட அவர்களால் விற்க முடியாது. 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டம் அப்படி. இருக்கிற ஊழியரைக் கோபித்துப் பயனில்லை.

கேரிங் மருந்தகம் வேறு வழியில் வந்தது. மருந்தாளர்களே சேர்ந்து 1994-இல் தொடங்கினார்கள். 2013-இல் பங்குச் சந்தைக்குப் போனது, 2020-இல் செவன் இலெவன் கைக்கு வந்தது, 2023-இல் பிக் பார்மசி வாங்கிவிட்டது. முதலாளி இத்தனை முறை மாறியும் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளுக்கு இன்னும் நம்பிப் போகலாம் என்பேன். அல்ப்ரோ மருந்தகமோ நம் நெகிரி செம்பிலான் பிள்ளை, போர்ட்டிக்சனில் முளைத்தது. கோலாலம்பூரில் தொடங்கி மிச்சத்தை ஊருக்கு அனுப்பும் கடைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஒரு பெருமை உண்டு, எனக்கும் உண்டு.

சங்கிலிக்கடைகளுக்கு நடுவே, மருந்தாளர் ஒருவரே முதலாளியாக நடத்தும் ஒற்றைக் கடைகளும் இருக்கின்றன. அப்படி ஒரு கடையில் நான் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் ஓர் அம்மா பிளாஸ்டிக் பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று தனியார் கிளினிக்கில் கொடுத்த நோர்வாஸ்க். இன்னொன்று அரசாங்க கிளினிக்கில் கொடுத்த அம்லோடிபின். மருந்தாளர் பெண் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மருந்துதாம்மா. காலையில இது, ராத்திரி அதுன்னு சாப்பிடுறீங்களா?" என்றார். அம்மா தலையாட்டினார். ஒரே பிரஷர் மாத்திரை, பெயர் மட்டும் வேறு. தலைசுற்றலுக்கு மருந்து கேட்கத்தான் அவர் வந்திருந்தார். அந்தப் பெண் அங்கிருந்தே கிளினிக்குக்குப் போன் போட்டார். எந்த உறுப்பினர் அட்டையும் இதைத் தராது.

விலை என்று வந்தால் அரசாங்க கிளினிக்கை யாரும் வெல்ல முடியாது. குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான்; அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் வேண்டாம். காத்திருப்புதான் பாடு. மாதாமாதம் எடுக்கும் மருந்தைத் தபாலில் அனுப்பும் வசதியும் அங்கே உண்டு, கேட்டுப் பாருங்கள். மகனோ மகளோ லீவு போட்டு அழைத்துப்போகும் வேலை மிச்சமாகும்.

தனியாரில் வாங்குவதாக இருந்தால், 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருந்தகமும் மருந்து விலையைக் காட்டியாக வேண்டும். சரி, அதைப் பார்த்துவிட்டு, "இதே மருந்து வேற கம்பெனியில இருக்கா?" என்று மருந்தாளரிடம் கேளுங்கள். பெயர் பெற்ற கம்பெனி மாத்திரைக்கும் ஜெனரிக் மாத்திரைக்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் வீட்டில் மாத மருந்து அரசாங்க கிளினிக்கில், சோப்பு சாமான் கழிவு இருக்கும் கடையில், சந்தேகம் வந்தால் அந்த ஒற்றைக் கடையில்.